திருவையாற்றில் ஓர் ஊஞ்சல் வகுப்பு

தஞ்சாவூரில் பஸ் ஏறினால் வடவாறு, வெண்ணாறு, வெட்டாறு, குடமுருட்டி, காவிரி என்று பாலத்துக்குப் பாலம் ஆட்டிக் குலுக்கித் திருவையாற்றில் இறக்கிவிடுகிறார்கள். இறங்கியதும் அசோகா அல்வா. மற்றதெல்லாம் அப்புறம்!

1847-ல் தியாகராஜர் சமாதியான ஊர். வருஷா வருஷம் ஆராதனையில் நூற்றுக்கணக்கான பேர் உட்கார்ந்து பஞ்சரத்ன கீர்த்தனைகளைப் பாடுவார்கள். ஐந்துமே ஆதி தாளம். அத்தனை கையும் ஒன்றாய்த் தொடையில் விழுகிற அந்த எட்டு எண்ணிக்கை எங்கே தயாராகிறது? கூட்டம் இல்லாத ஒரு சனிக்கிழமை சாயங்காலம், ஓட்டு வீட்டுக் கூடம் ஒன்றில் பார்த்தேன். ஆறேழு வயசு வாண்டுகள் ஒன்பது பேர். நடுவே ஊஞ்சல்.

ஒரு தட்டு, சுண்டுவிரல், மோதிரவிரல், நடுவிரல். பிறகு தட்டு, வீச்சு, தட்டு, வீச்சு. ஆதி தாளம் அவ்வளவுதான். ஆனால் ஆறு வயசுக் கையில் மோதிரவிரல் தனியாக மடங்கமாட்டேன் என்கிறது. அதனால் முதல் மாசம் விரலே கிடையாது. வெறும் தட்டுதான்.

நிஜமான வில்லங்கம் சரளி வரிசையில். முதல் காலத்தில் தட்டுக்கு ஒரு ஸ்வரம், இரண்டாம் காலத்தில் இரண்டு, மூன்றாம் காலத்தில் நான்கு. வாய்தான் வேகமாகணும், கை மாறக்கூடாது. பி.காம். பாஷையில் சொன்னால், வட்டி ஏறலாம், முதல் அப்படியே இருக்கணும். வாண்டுகள் முதலிலேயே கை வைக்கிறார்கள்! வாய் ஓடினால் கையும் பின்னாலேயே ஓடுகிறது.

அதற்குத்தான் ஊஞ்சல். ஒரு பையன் உட்கார்ந்து பாட, மற்றவர்கள் பலகை இந்தக் கோடிக்கு வரும்போது ஒரு தட்டு, அந்தக் கோடிக்குப் போகும்போது ஒரு தட்டு. லேசாகத் தள்ளினாலும், சற்றே கூடத் தள்ளினாலும் போய்த் திரும்பும் நேரம் ஏறக்குறைய ஒன்றுதான். சங்கிலியின் நீளம்தான் அதைத் தீர்மானிக்கிறது. குழந்தை அவசரப்பட்டாலும் ஊஞ்சல் அவசரப்படாது.

"செல்போன்லயே தாளம் போடுதே டீச்சர்?" என்றேன்.

"போடுது. அதை நிறுத்தினதும் இதுங்க ஓடுதுங்களே!"

ஆகவே கடைசியில் ஒரு பரீட்சை. ஒரு ஆவர்த்தனம் சத்தமாகத் தட்டு. அடுத்த எட்டும் கண்ணை மூடி, கையை மடியில் வைத்து, மனசுக்குள். அப்புறம் எல்லோரும் சேர்ந்து ஒரு தட்டு. அன்று விழுந்ததென்னவோ தீபாவளிச் சரவெடி.

எல்லோருக்கும் முன்னால் வெடித்தவனின் அப்பா வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே, "இவனுக்கு லயம் வரலை டீச்சர். அடுத்த மாசம் கம்ப்யூட்டர் கிளாஸ்ல போட்டுடலாம்னு..." என்று இழுத்தார்.

"போன வாரம் மூணு தட்டு முன்னாடி வந்தான். இன்னிக்கு ஒண்ணு. நீங்க எண்ணலையா?"

அவர் பதில் சொல்லவில்லை. பையன் மறுபடி ஊஞ்சலில் ஏறியிருந்தான். அப்பா ஒரு செருப்போடு திண்ணையில் உட்கார்ந்தார்.