நாற்பத்தேழில் ஒன்பது

மேலநீலிதநல்லூரில் சீட்டுக்கட்டு நுழையாத வீடு எங்களுடையது. என் தாய்மாமா மூன்று ஏக்கர் கரிசலை மங்காத்தாவில் விட்டவர். உள்ளே, வெளியே என்று இரண்டே வார்த்தையில் தீர்ந்துவிடுகிற ஆட்டம் அது. நிலம் வெளியே போயிற்று. மாமா திண்ணைக்குக்கூட வராமல் வீட்டுக்குள்ளேயே முடங்கிவிட்டார். அதற்குப் பிறகு என் தாயார் சீட்டு என்ற சொல்லையே விட்டுவிட்டாள். மாதச் சீட்டுக் கட்டுவதைக்கூடப் 'பண்டு' என்றுதான் சொல்லுவாள்.

அப்படிப்பட்ட குடும்பத்தில் பிறந்தவன், அதுவும் அந்த மாமாவின் மகனையே துணைக்கு வைத்துக்கொண்டு, சிங்கப்பூர்ச் சூதாட்ட மாளிகைக்குப் போனேன். ஊரில் இன்றுவரை யாருக்கும் தெரியாது.

2010-ஆம் வருஷம். சூதாட்ட விடுதியே கூடாது என்று இருந்த சிங்கப்பூர் அரசாங்கம் 2005-இல் மனம் மாறி இரண்டுக்கு அனுமதி கொடுத்திருந்தது. பிப்ரவரியில் செந்தோசாத் தீவில் ஒன்றும், ஏப்ரலில் மெரினா பே சாண்ட்ஸ் என்ற மற்றொன்றும் திறந்தார்கள். ஐம்பத்தைந்து மாடிக் கட்டடங்கள் மூன்று. அவற்றின் தலைமேல் கப்பல் மாதிரி ஒரு தோட்டம். மாமா மகன் கப்பல் பட்டறையில் வேலை பார்த்தான். நாள் சம்பளம் 18 வெள்ளி. "வெளியே இருந்து பாத்தாப் போதும், அத்தான்" என்றான். எழுத்தாளன் எல்லாவற்றையும் பார்க்க வேண்டும் என்று நான் வாதித்தேன். இந்த ஒரு வாக்கியத்தை வைத்துக்கொண்டு நாங்கள் எங்கேதான் நுழைந்துவிடவில்லை?

வாசலில் இரண்டு வரிசைகள். அந்நாட்டுக் குடிமக்களும் நிரந்தரவாசிகளும் உள்ளே போக நாளொன்றுக்கு 100 வெள்ளி கட்ட வேண்டும். 2019-இல் அதை 150 ஆக்கினார்கள். வெளிநாட்டானுக்கு இலவசம். லட்சாதிபதிகள் பணம் கட்டிக்கொண்டிருக்க, நாள் கூலி 18 வெள்ளிக்காரன் அட்டையைக் காட்டிவிட்டுச் சும்மா உள்ளே போனான். குடும்பத்தார் மனுக் கொடுத்தால், விசாரித்து, அந்த ஆளை உள்ளே விடாமல் தடுத்து வைக்கவும் அங்கே ஏற்பாடு உண்டு. இதைச் சொன்னபோது அவன், "எங்கம்மா அந்த மனுவை யாருகிட்டக் கொடுப்பா? நிலத்தை வாங்கினவருதானே அன்னைக்கு ஊர்ப் பெரிய மனுசரு" என்றான்.

உள்ளே கடிகாரம் எதுவும் என் கண்ணில் படவில்லை. நான் போய் உட்கார்ந்தது சீட்டு ஆடும் ஓர் இயந்திரத்தின் முன்னால். எதிரே ஆள் கிடையாது. 52 சீட்டில் ஐந்தைத் திரையில் காட்டும். வேண்டியதை வைத்துக்கொண்டு மற்றதைத் தள்ளினால், தள்ளியதற்குப் பதில் புதுச் சீட்டு வரும். ஜாக்கி ஜோடியாவது சேர்ந்தால் போட்ட பணம் திரும்பும். அதற்கு மேலே ஒவ்வொன்றுக்கும் ஒரு விலை. பத்து முதல் ஆஸ் வரை ஒரே இனத்தில் ஐந்தும் சேர்ந்தால் பெரும் பரிசு. நன்றாக ஆடுகிறவனுக்கே சுமார் நாற்பதாயிரம் கைக்கு ஒருமுறைதான் அது வரும். இவ்வகை இயந்திரங்களில் தாராளமான ஒன்று, துளியும் பிசகாமல் ஆடுகிறவனுக்கு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பதரை திருப்பித் தருமாம். பாக்கி அரைதானே என்று தோன்றும். ஆனால் ஒரு கை முடிய ஐந்தாறு விநாடி போதும். மணிக்கு அறுநூறு முறை அந்த அரை கழிந்துகொண்டே இருக்கும். பிசகுகிறவனுக்கோ அது அரையோடு நிற்பதில்லை. மங்காத்தாவிலாவது சீட்டைக் கலைக்கிற நேரம் மனிதன் மூச்சுவிடலாம். (இப்போது இதே சாமான் கைபேசியில் ஏறிக் கரிசல்காட்டு வேப்பமரத்தடிக்கே வந்துவிட்டது, 2025-இல் பணம் வைத்து ஆடும் இணைய ஆட்டங்களைப் பாராளுமன்றம் சட்டம் போட்டுத் தடுக்க வேண்டியதாயிற்று.)

ஐம்பது வெள்ளியைக் கொடுத்தேன். கைக்கு ஒன்றேகால் வெள்ளி. முதலில் ராணி ஜோடி, பிறகு மூன்று ஒன்பது. பணம் எழுபதைத் தாண்டிற்று. என் கெட்டிக்காரத்தனத்தில் எனக்கே மதிப்பு வந்துவிட்டது. பிறகு எப்படி இறங்கிற்று என்று தெரியவில்லை. கடைசிக் கையில் நான்கு ஆட்டின். இன்னும் ஒன்று வந்தால் போதும். மீதி 47 சீட்டில் 9 ஆட்டின் இருக்கிறது. ஐந்துக்கு ஒன்றுகூடச் சரியாகத் தேறாத கணக்கு. அது தெரிந்தும் விரல் நடுங்கிற்று. வரவில்லை.

சட்டைப்பையிலிருந்து இன்னொரு ஐம்பதை எடுத்தேன். அம்மாவுக்குப் புடவை வாங்க வைத்திருந்த பணம். இதை எழுதக் கூச்சமாகத்தான் இருக்கிறது.

பின்னால் நின்றுகொண்டிருந்தவன் தோளைத் தொட்டான். "அத்தான், எந்திரிங்க. எங்கய்யாவும் இப்படித்தான், கண்ணைச் சிமிட்டாம உக்காந்திருப்பாரு."

எழுந்துவிட்டேன். தேக்கா பக்கம் வந்து டீ வாங்கிக் கொடுத்தான். காசு கொடுக்க விடவில்லை. மூன்று ஏக்கரில் ஒன்றை மீட்டாகிவிட்டது, மற்றதற்கு அவர்கள் விலையை ஏற்றுகிறார்கள் என்று சொல்லிக்கொண்டே வந்தவன், பஸ் வருகிற சமயத்தில் திடீரென்று கேட்டான்:

"கடைசியிலே என்ன சீட்டு வந்திச்சு?"

"கிளாவர் ஏழு."

பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தோம். இரண்டு நிறுத்தம் தாண்டியது. சன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டே, மெதுவாக, "இன்னும் ஒரு கை போட்டிருந்தா ஆட்டின் வந்திருக்குமோ?" என்றான்.