கதவருகே நின்றவன்

“மருத்துவர் என் சட்டைப் பையிலேயே இருக்கிறார், அம்மா! வேலூருக்கு எதற்காக அலையவேண்டும்?”

இப்படிச் சொன்னவன் நான். பட்டம் பெற்றவன், பள்ளி ஆசிரியன், பகுத்தறிவு பேசுபவன் என்ற பெருமிதம் அந்தச் சொற்களில் பொங்கி வழிந்தது. பொங்கிய பெருமிதம் எப்படிப் பொடிப்பொடியாயிற்று என்பதைச் சொல்லவே இதை எழுதுகிறேன். பிறர் குறையை எடுத்துரைக்க நமக்கு ஆயிரம் மேடைகள் உண்டு. தன் குறையை எடுத்துரைக்க ஒரே ஒரு மேடைதான், அது மனச்சான்று. அதில் ஏறி நிற்கிறேன், தோழர்களே!

ஆம்பூரை அடுத்த சிற்றூர் ஒன்றில் எனக்குப் பணி. பொழுது புலருமுன்பே தொழிற்சாலைப் பேருந்துகள் வந்து நிற்கும். சோற்றுப் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெண்கள் சாரிசாரியாய் ஏறுவார்கள். கடல் கடந்த நாட்டில் யாரோ ஒருவர் காலில் மாட்டப்போகும் காலணிக்கு, இங்கே ஒருத்தி தோல் வெட்டுவாள், ஒருத்தி தைப்பாள், ஒருத்தி பசை தடவுவாள். அவர்களுடைய பிள்ளைகளே என் மாணவர்கள்.

எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி அடிக்கடி பள்ளிக்கு வராதிருந்தாள். காரணம் கேட்டேன். “அம்மாவுக்குக் கை வெடிச்சிருக்கு சார். பாத்திரம் தொட்டா எரியுது. நான்தான் சமைக்கிறேன்” என்றாள். வீட்டுக்குச் சென்றேன். பசை தடவும் அந்தத் தாயின் விரல்கள் கோடைகாலப் பாலாற்று மணலைப்போல் வறண்டு, வெடித்துக் கிடந்தன. மருத்துவரிடம் காட்டலாகாதா என்று கேட்டேன். “ஒரு நாள் போனா ஒரு நாள் கூலி போச்சு சார். தவறாம போனா குடுக்கிற பணமும் போச்சு. பஸ்ஸுக்கு வேற காசு” என்றார். ஏழைக்கு நோய் வந்தால் முதலில் பார்க்கப்படுவது நாடியல்ல, நாட்கூலி!

அப்போதுதான் என் சட்டைப் பையைத் தட்டிக் காட்டினேன்.

நான் சொன்னது பொய்யன்று. 2020 மார்ச் 25-இல், பெருந்தொற்று நாட்டைப் பூட்டிய நேரத்தில், தொலை மருத்துவத்துக்கான நெறிமுறைகளை இந்திய அரசு வெளியிட்டது. எந்த மருந்தைத் தொலைவிலிருந்து எழுதித் தரலாம், எதைத் தரலாகாது, எப்போது நேரில் வரச் சொல்லவேண்டும் என்றெல்லாம் அதில் வரையறுத்தார்கள். அதே ஆண்டு ஏப்ரல் 13-இல், நோயாளி தம் வீட்டிலிருந்தே மருத்துவரைக் காணும் இ-சஞ்சீவனி சேவை தொடங்கிற்று. பெயர் புராணத்துக்குச் சொந்தம். பணி அறிவியலுக்குச் சொந்தம்! 2023 பிப்ரவரிக்குள் அதன் வழியே மருத்துவம் பெற்றோர் தொகை பத்துக் கோடி என்றும், அவர்களில் பாதிக்கு மேற்பட்டோர் பெண்கள் என்றும் அரசு அறிவித்தது.

இதயநோய்க்கும் தொலைவு குறைந்திருக்கிறது. மாரடைப்பு வந்தவரின் இதயத் துடிப்புப் படத்தைச் சிற்றூர் மருத்துவமனையிலேயே எடுத்து, அந்தக் கணமே பெருநகர் மருத்துவருக்கு அனுப்பி, 108 வண்டியில் ஏற்றிச் செல்லும் முறையொன்றைத் தமிழகத்தில் 2012 முதல் சோதித்துப் பார்த்தார்கள். மைய மருத்துவமனைகளில் ஒன்று நம் வேலூரின் கிறித்தவ மருத்துவக் கல்லூரி. முடிவு 2017-இல் வெளியாயிற்று. மாரடைப்புக்குப் பின் ஓராண்டுக்குள் இறந்தோர் நூற்றுக்கு 17.6 என்றிருந்தது 14.2 ஆகக் குறைந்தது. இதையெல்லாம் படித்தவன் நான். படித்ததைப் பயன்படுத்தவேண்டாமா?

விடுமுறை நாளொன்றில் கைப்பேசியோடு சென்றேன். வீட்டில் திருவிழாக் கூட்டம்! கணவர் கதவருகே, மாமியார் கட்டிலில், பக்கத்து வீட்டார் சன்னலில். நடுவே, கருவியை ஏந்தியபடி நான். திரையில் இளம் பெண் மருத்துவர் தோன்றினார். கையைக் காட்டச் சொன்னார். என்ன வேலை, எவ்வளவு நேரம், கையுறை உண்டா என்று பரிவோடு கேட்டார். களிம்பு ஒன்று எழுதினார். பசை நேரடியாகத் தோலில் படக்கூடாது என்றார். ஆறாவிட்டால் தோல் மருத்துவரை நேரில் பார்க்கவேண்டும் என்று வலியுறுத்தினார். இறுதியில், “வேற ஏதாவது தொந்தரவு இருக்காம்மா?” என்று கேட்டார்.

அந்தத் தாய் திரையைப் பார்த்தார். கணவரைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். “ஒன்னும் இல்லைங்க” என்றார்.

வெற்றி வீரனாய் வீடு திரும்பினேன். கூலி இழக்கவில்லை, பேருந்துச் செலவில்லை, காத்திருக்கவில்லை. கால் மணியில் காரியம் முடிந்தது! ஆசிரியர் அறையில் இதைப் பேசிப் பேசி மகிழ்ந்தேன்.

மூன்று வாரம் சென்றது. தொழிற்சாலையில் அந்தத் தாய் மயங்கி விழுந்தார். மாதக்கணக்காய் உதிரப்போக்கு, உடலில் இரத்தம் வற்றிப்போயிருந்தது. மருத்துவமனையில் இரத்தம் ஏற்றித்தான் காப்பாற்றினார்கள். மகள் வந்து சொன்னாள்: “அன்னிக்கே டாக்டரம்மாகிட்ட சொல்லணும்னு அம்மா நினைச்சாங்களாம் சார். நீங்கல்லாம் இருந்தீங்களாம்.”

நீங்கல்லாம்! அந்த ஒரு சொல்லில் கணவரும் இருந்தார், நானும் இருந்தேன்.

அன்றிரவு உறக்கம் வரவில்லை. இந்த வட்டாரத்துப் பிள்ளைகள் எல்லாரும் கேட்டு வளர்ந்த கதையொன்று நெஞ்சில் எழுந்தது. நம் இராணிப்பேட்டையில் 1870-இல் பிறந்தவர் ஐடா ஸ்கடர். ஏறத்தாழ 130 ஆண்டுகளுக்கு முன், திண்டிவனத்தில் தந்தையின் வீட்டில் அவர் இருந்தபோது, ஒரே இரவில் மூன்று ஆடவர் வந்து கதவைத் தட்டினார்கள். மூவருடைய மனைவியரும் பிள்ளைப்பேற்றில் துடித்துக்கொண்டிருந்தார்கள். ஐடாவின் தந்தை மருத்துவர், வருவதாகச் சொன்னார். “ஆண் மருத்துவர் பார்க்கலாகாது, நீங்கள் வாருங்கள்” என்று மூவரும் ஐடாவை அழைத்தார்கள். ஐடாவோ அன்று மருத்துவம் படியாதவர். ஒருவர் பார்ப்பனர், ஒருவர் இசுலாமியர், மற்றொருவர் வேறு உயர்சாதி இந்து. மதமும் சாதியும் வேறு வேறு. மறுப்பு மட்டும் ஒன்று! பொழுது விடிந்தபோது மூன்று பெண்களும் பிணமாகியிருந்தார்கள்.

அந்த இரவே ஐடாவை மருத்துவராக்கிற்று. 1899-இல் அமெரிக்காவில் மருத்துவப் பட்டம் பெற்று, 1900-இல் வேலூரில் ஒரே ஒரு படுக்கையோடு தொடங்கினார். 1918-இல் பெண்களுக்கென்றே மருத்துவப் பள்ளி கண்டார். நோயாளி வரட்டும் என்று காத்திராமல், குடியாத்தம் சாலையில் மோட்டாரில் சென்று, மரத்தடியில் மருந்து கொடுத்தார். தொலை மருத்துவத்தின் பாட்டி அந்த மோட்டார் வண்டிதான்!

திண்டிவனத்தில் பெண் மருத்துவர் இல்லை. அதனால் மூவர் மாண்டனர். என் மாணவியின் வீட்டிலோ பெண் மருத்துவர் இருந்தார். மலை கடந்து, மைல் கடந்து, கூலிக் கணக்கையும் கடந்து கண்முன் வந்து நின்றார். ஆனால் அவருக்கும் அந்தத் தாய்க்கும் நடுவே, கருவியைப் பிடித்துக்கொண்டு ஓர் ஆண் நின்றான். அன்றைய கணவன்மார் மருத்துவரைத் தடுத்தார்கள். நான் மருத்துவரை அழைத்துவந்து, வாயைத் தடுத்தேன். அவர்களுடையது மூடத்தனம் என்றால் என்னுடையதற்கு என்ன பெயர்?

தொலைவு என்பது வெறும் மைல் கணக்கன்று, தோழர்களே! மைலைக் கருவி வெல்லும். கூச்சத்தை வெல்லுமா? கைப்பேசி கணவன் கையில் இருக்க, கடவுச்சொல் மகன் நினைவில் இருக்க, நோய் மட்டும் பெண்ணின் உடலில் இருந்தால், அந்தப் பத்துக் கோடியில் எத்தனை பெண்கள் “ஒன்னும் இல்லைங்க” என்று சொல்லியிருப்பார்கள்?

கருவி வெல்லாத மைலும் உண்டு. வேலூர் மாவட்டத்து அல்லேரி மலையில் 2023 மே மாதம் ஒன்றரை வயதுக் குழந்தையைப் பாம்பு கடித்தது. நல்ல சாலை இல்லை. மருத்துவமனை சேருமுன் உயிர் பிரிந்தது. உடலை ஏற்றிவந்த வண்டியும் பாதை முடிந்த இடத்தில் நின்றுவிட்டது. பெற்றவள் பிணத்தைத் தூக்கிக்கொண்டு மலையேறினாள். பாம்பின் நஞ்சுக்கு மாற்று மருந்தை எந்தத் திரை வழியாகவும் ஊசியில் ஏற்ற முடியாது. கைப்பேசிக் கோபுரம் கண்டோம் என்று களித்து, சாலையை மறந்தால், அந்தத் தாயின் கால்கள் நம்மை மன்னிக்குமா?

இதனால் கருவியை வெறுக்கிறேன் என்று எண்ணிவிடவேண்டாம். வெறுப்பவன் பழைமைவாதி, வியந்து நிற்பவன் வேடிக்கைக்காரன், அது யாருக்குப் பயன்படுகிறது என்று கேட்பவனே சீர்திருத்தக்காரன். 2021 ஆகஸ்ட் 5-இல் கிருட்டிணகிரி மாவட்டத்துச் சாமனப்பள்ளியில் தமிழக அரசு தொடங்கிய ‘மக்களைத் தேடி மருத்துவம்’ ஒரு வழி காட்டுகிறது. அதன்படி, இரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்க ஊர்ப் பெண்ணே வீடு தேடி வருகிறாள். அவளிடம் இன்னொரு பெண் வாய் திறப்பாள். அந்தப் பெண்ணின் கையில் கருவியும் இருக்கட்டும். துணைச் சுகாதார நிலையத்தில் கதவு சாத்தக்கூடிய சிற்றறை ஒன்றும் இருக்கட்டும். தொழிற்சாலைகளும் கூலி வெட்டாமல் அரைமணி நேரம் தரட்டும். கேட்பது மாளிகையன்று, ஒரு கதவும் அரைமணி நேரமும்தான்.

நான் செய்யக்கூடியதைச் செய்யத் தொடங்கியிருக்கிறேன். எங்கள் பள்ளியின் ஆசிரியை ஒருவர், மாணவியருக்குக் கைப்பேசியில் மருத்துவரை அழைப்பது எப்படி என்று கற்றுக்கொடுக்கிறார். அவர்கள் தாய்மாருக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். மருத்துவமனையிலிருந்து திரும்பிய அந்தத் தாய், மறுபடி மருத்துவரிடம் பேச ஒரு மாலை பள்ளிக்கு வந்தார். ஆசிரியை நூலக அறையைத் திறந்துவிட்டார். கைப்பேசியை மகளின் கையில் கொடுத்துவிட்டு நான் வெளியே வந்தேன். கதவு சாத்தப்பட்டது.

வேப்பமரத்தடியில் நின்றேன். இருபது நிமிடம் உள்ளே பேச்சு நடந்தது. என்ன பேசினார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரியவேண்டியதுமில்லை.