கண்டெடுத்தலும் காத்திருத்தலும்

அமெரிக்க மேஜர் லீக் பேஸ்பாலில் ஓர் அணி பருவத்தின் பெரும்பகுதியில் ஆட்டத்துக்கு வைத்துக்கொள்ளக்கூடியவர்கள் 26 பேர். 2020க்கு முன்பு அந்த எண்ணிக்கை 25. வேறு அணிகள் எடுத்துக்கொள்ள இயலாதவாறு காப்புப் பெற்றவர்களையும் சேர்த்தால் 40. இந்த எண்கள் எளிதில் நெகிழ்பவை அல்ல. பட்டியல் நிரம்பியிருக்கையில் புதிதாக ஒருவர் உள்ளே வரவேண்டுமெனில், இருப்பவர் ஒருவர் வெளியேற வேண்டும். வெளிநாடுகளில் திறமையைத் தேடி அணிகள் மேற்கொள்ளும் பயணங்களைப் பற்றிப் பேசுவோர் பலர். தேடிக் கண்டவர்களுக்கு அந்தப் பட்டியலில் எவ்வளவு காலம் இடம் கிடைத்தது என்று கேட்போர் சிலரே. ஓர் ஆட்டக்காரரின் வாழ்வைத் தீர்மானிப்பதோ பெரும்பாலும் இந்த இரண்டாம் கேள்விதான்.

பிட்ஸ்பர்க் பைரேட்ஸ் அணியின் வரலாற்றில் 54 ஆண்டு இடைவெளியில் நிகழ்ந்த இரண்டு தேர்வுகள் இதை விளக்கப் போதுமானவை.

முதலாவது 1954ஆம் ஆண்டைச் சேர்ந்தது. போர்ட்டோ ரிக்கோவின் கரோலினாவில் பிறந்த ராபர்ட்டோ கிளமெண்டியை அவ்வாண்டின் தொடக்கத்தில் புரூக்ளின் டாட்ஜர்ஸ் அணி 10,000 டாலர் ஊக்கத்தொகை கொடுத்து ஒப்பந்தம் செய்தது. அக்காலத்தில் ஒரு விதி இருந்தது. 4,000 டாலருக்கு மேல் ஊக்கத்தொகை பெறும் இளைஞரை இரண்டு ஆண்டுகள் மேஜர் லீக் பட்டியலிலேயே வைத்திருக்க வேண்டும். கீழ்நிலை அணிக்கு அனுப்பினால், பருவம் முடிந்ததும் பிற அணிகள் அவரைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளலாம். புரூக்ளினிடம் வெளிக்கள ஆட்டக்காரர்கள் நிறைந்திருந்தனர். கிளமெண்டி மாண்ட்ரியலில் இருந்த கீழ்நிலை அணிக்கு அனுப்பப்பட்டார். அங்கும் 87 ஆட்டங்களில் 148 முறை மட்டுமே அவருக்கு மட்டை கணக்கில் ஏறியது, சராசரி.257. அவ்வாண்டு கடைசி இடத்தில் முடித்திருந்ததால் தேர்வில் முதல் உரிமை பெற்ற பிட்ஸ்பர்க், நவம்பரில் அவரை எடுத்துக்கொண்டது.

புரூக்ளினின் முடிவை மடமை என்று ஒதுக்குவது எளிது. ஆனால் கிளமெண்டி இல்லாமலேயே அடுத்த ஆண்டு, 1955இல், அந்த அணி உலகத் தொடரை வென்றது. வெற்றியின் வாயிலில் நின்ற அணிக்கு ஒரு பத்தொன்பது வயது இளைஞர் கற்றுத் தேறும்வரை பொறுத்திருக்க இடமில்லை. தோல்வியில் தோய்ந்திருந்த பிட்ஸ்பர்க்கிடம் அந்த இடம் இருந்தது. 1955இல் கிளமெண்டியின் சராசரி .255தான். எனினும் அணி அவரைத் தொடர்ந்து களமிறக்கியது. 1960இல் பிட்ஸ்பர்க் உலகத் தொடரை வென்றபோது அவர் அணியின் தூண்களில் ஒருவர். மட்டைச் சராசரியில் நான்கு முறை தேசிய லீக்கின் முதலிடம், 1971இல் இரண்டாவது உலகத் தொடர் வெற்றி, 3,000 ஹிட்டுகள் ஆகியவை பின்னர் வந்தவை. 1972 டிசம்பர் 31 அன்று, நிலநடுக்கத்தால் பாதிக்கப்பட்ட நிகராகுவாவுக்கு நிவாரணப் பொருள் கொண்டுசென்ற விமானம் விழுந்து அவர் மறையும்வரை, மேஜர் லீக்கில் ஆடிய 18 பருவங்களும் அந்த ஒரே அணிக்காகத்தான்.

இரண்டாவது தேர்வு இந்தியாவைத் தொடுவது. 2008இல் அமெரிக்க முகவர் ஜே. பி. பெர்ன்ஸ்டைனும் கூட்டாளிகளும் இந்தியாவில் நடத்திய ‘மில்லியன் டாலர் ஆர்ம்’ போட்டியில் உத்தரப் பிரதேசத்தைச் சேர்ந்த ரிங்கு சிங், தினேஷ் படேல் என்னும் இரு ஈட்டி எறியும் வீரர்கள் முன்னிலை பெற்றனர். ரிங்குவின் பந்து மணிக்கு 87 மைல் வேகத்தைத் தொட்டது. ஒரு லட்சம் டாலர் பரிசும் பெற்றார். அதற்கு முன் இருவரும் பேஸ்பால் ஆடியதில்லை. தென் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தில் பயிற்சியாளர் டாம் ஹவுஸிடம் சில மாதங்கள் பயின்ற பின், நவம்பரில் பைரேட்ஸ் அணியுடன் ஒப்பந்தமாயினர். 1993 முதல் ஒரு பருவத்தில்கூடத் தோல்விகளைவிட அதிக வெற்றிகளைக் காணாதிருந்த அணி அது. இழப்பதற்கு அதனிடம் அதிகம் இல்லை.

2009 ஜூலையில் இருவரும் அமெரிக்காவின் கீழ்நிலைத் தொழில்முறை லீக்கில் பந்தெறிந்தனர். இந்தியக் குடிமக்கள் அங்கே ஆடியது அதுவே முதல்முறை. அதே மாதம் ரிங்குவின் கணக்கில் ஒரு வெற்றியும் சேர்ந்தது. 2010 டிசம்பரில் தினேஷ் விடுவிக்கப்பட்டு நாடு திரும்பினார். ரிங்கு படிப்படியாக வெஸ்ட் வர்ஜீனியா அணிவரை உயர்ந்தார். பின்னர் கைக் காயங்களும் அறுவை சிகிச்சைகளும் அவருடைய பேஸ்பால் வாழ்வை நிறுத்தின. 2018இல் அவர் தொழில்முறை மல்யுத்தத்துக்குச் சென்றார். மேஜர் லீக் பட்டியலில் இருவர் பெயரும் ஏறவில்லை.

இரண்டு கதைகளையும் அருகருகே வைத்தால், பிந்தையது திறமைக் குறைவின் கதை என்று தோன்றக்கூடும். அது மேலோட்டமான வாசிப்பு. கிளமெண்டி பிறந்த ஊரில் பேஸ்பால் சிறுவர்களின் அன்றாட விளையாட்டு. பந்து எங்கே விழும், எந்தத் தளத்துக்கு எறிய வேண்டும் என்பதை அவர் கண் இளமையிலேயே கற்றிருந்தது. அவருக்குத் தேவைப்பட்டது சில பருவங்களின் பொறுமை. ரிங்குவும் தினேஷும் பத்தொன்பது வயதையொட்டி விதிகளிலிருந்தே தொடங்கினர். வேகமானி அளந்தது தோளின் ஆற்றலை மட்டுமே. கழியாத ஒரு பேஸ்பால் பால்யத்தை அளக்கும் கருவி எதுவும் இல்லை. அணி அவர்களுக்கு அவகாசம் தராமல் இல்லை. ஆனால் தேவைப்பட்ட காலம், எந்த அணியின் பட்டியலும் தாங்கக்கூடிய காலத்தைவிட நீளமானது.

இதை அணிகள் அறியாதவை அல்ல. 30 மேஜர் லீக் அணிகளும் டொமினிக்கன் குடியரசில் பயிற்சிக்கூடங்கள் நடத்துவதற்கு இதுவே ஒரு காரணம். பதினாறு வயதிலேயே சிறுவர்களை ஒப்பந்தம் செய்கின்றன. பயிற்சியின் காலம் அவ்வாறு முன்னோக்கி நீட்டப்படுகிறது; ஆனால் அதன் விலையைப் பெரும்பாலும் சிறுவர்களே செலுத்துகிறார்கள். பள்ளியை இடையில் விட்டவர்களில் பெரும்பான்மையோர் மேஜர் லீக்கை எட்டாமலேயே வீடு திரும்புகின்றனர்.

2014இல் டிஸ்னி நிறுவனம் ரிங்கு, தினேஷ் கதையைத் திரைப்படமாக்கியது, இசை ஏ. ஆர். ரகுமான். படத்தின் உச்சம் ஒப்பந்தம் கிடைக்கும் நாள். பேஸ்பாலின் கணக்கில் அந்த நாள் கதையின் முதற்பக்கம் மட்டுமே.

இந்தியக் கல்விக்கூடங்களுக்கு இந்தக் கதை அந்நியமானதன்று. நுழைவுத் தேர்வின் ஒற்றை மதிப்பெண்ணும் ஒரு வேகமானிதான். குடும்பத்தில் முதன்முதலாக உயர்கல்விக்கு வரும் மாணவரை அது சரியாகவே கண்டெடுக்கிறது. ஆனால் நூலகமோ ஆங்கில உரையாடலோ வாய்க்காத பால்யத்தை அது பதிவு செய்வதில்லை. ஐந்தாண்டு உதவித்தொகையின் கடிகாரமோ எல்லோருக்கும் ஒரே வேகத்தில் ஓடுகிறது. சேர்க்கைப் பட்டியல் வெளியாகும் நாளில் பெருமிதம் கொள்ளும் நிறுவனங்கள், அதிலிருந்து ஒவ்வொரு பெயரும் எந்த ஆண்டில், எந்தக் காரணத்தால் நீங்கியது என்பதையும் அதே கவனத்துடன் எழுதி வைக்கட்டும். கண்டெடுத்தவரின் பொறுப்பு எங்கே நின்றுபோனது என்பதை அந்த இரண்டாவது பட்டியல் சொல்லும்.