ஒரு வோல்ட், ஒரு ஸ்தாயி

ஒரு வோல்ட் கூட்டினால் ஒரு ஸ்தாயி ஏற வேண்டும். 1960-களில் ராபர்ட் மூக் தன் சிந்தசைசர்களில் கையாண்ட இந்தக் கணக்கைத்தான் அனலாக் மாடுலர் உலகின் பெரும்பகுதி இன்றும் பின்பற்றுகிறது. கீழ் ஸட்ஜத்துக்கு 2 வோல்ட் என்றால் மேல் ஸட்ஜத்துக்கு 3. நடுவில் 12 ஸ்வரஸ்தானங்கள், ஒவ்வொன்றுக்கும் சுமார் 83 மில்லிவோல்ட். இதைப் பிசகாமல் செய்யும் ஓர் ஆஸிலேட்டருக்காக ஏழு மாதம் காத்திருந்தேன்.

மாடுலர் என்பது ஒரே பெட்டியாக வரும் கீபோர்டு அல்ல. ஒலியை உண்டாக்கும் ஆஸிலேட்டர், அதைச் செதுக்கும் ஃபில்டர் என்று ஒவ்வொரு மாட்யூலையும் தனியாக வாங்கி, ஒரு சட்டத்தில் திருகி, கேபிளால் இணைக்க வேண்டும். 1990-களின் நடுவில் ஜெர்மனியின் டீட்டர் டோப்ஃபர் ஏ-100 வரிசையைக் கொண்டுவந்தார். அதன் 128.5 மி.மீ. உயரமும் பிற அளவுகளும் யூரோராக் என்ற பொது வடிவமாகிவிட்டன. அதற்குள் அடங்கினால் போதும், யார் செய்ததும் யாருடையதோடும் சேரும். வீட்டின் ஓர் அறையில் தனி ஆளாக மாட்யூல் செய்து விற்றுப் பிழைக்க முடிவது இதனால்தான்.

நான் வாங்கியதும் அப்படி ஒருவரிடம்தான், ஜெர்மனியின் ஒரு சிற்றூரில் இருப்பவர். ஆர்டர் கொடுத்த மறுநாள் மின்னஞ்சல் வந்தது: உங்கள் அறையில் எவ்வளவு வெப்பம் இருக்கும்?

சென்னை, ஏசி ஓடினால் 25, கரண்ட் போனால் 35 என்று எழுதினேன்.

கேள்விக்குக் காரணம் உண்டு. வோல்ட் ஒன்று ஒன்றாக ஏறும்போது அதிர்வெண் இரண்டு இரண்டு மடங்காக ஏற வேண்டும். கூட்டலைப் பெருக்கலாக்கும் இந்த வேலையை ஒரு ஜோடி டிரான்சிஸ்டர்கள் செய்கின்றன. அவற்றின் குணம் வெப்பத்தோடு மாறும், டிகிரிக்கு சுமார் 0.33 சதவீதம். அப்படியே விட்டால் 10 டிகிரி ஏற்றத்தில் ஸ்தாயி 3 சதவீதம் சுருங்கிவிடும். அது ஒரு ஸ்வரஸ்தானத்தில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். அதனால் சூடு ஏற ஏறத் தானும் அதே விகிதத்தில் மின்தடை ஏறும் ஒரு ரெசிஸ்டரை அந்த ஜோடியின் முதுகிலேயே ஒட்டிவைப்பார்கள். பிறகு ட்ரிம்மரைத் துளித்துளியாகத் திருகி, ஸ்தாயி ஸ்தாயியாகச் சரிபார்க்க வேண்டும். பார்சலுக்குள் ஒரு தாள் இருந்தது. 25 டிகிரியிலும் 35 டிகிரியிலும் என் மாட்யூலை அளந்த எண்கள், பேனாவால் எழுதியவை.

நண்பன் கேட்டான்: "டேய், விசிவி ராக் ஃப்ரீயாவே கிடைக்குது. லேப்டாப்ல எத்தனை ஆஸிலேட்டர் வேணா போட்டுக்கலாம். இதுக்குப் போய் எதுக்குடா இவ்ளோ காசு, அதுக்கு மேல கஸ்டம்ஸ் வேற?"

நியாயமான கேள்வி. ஒலிக்காக என்று சொன்னால் அது பாதி உண்மைதான். கண்ணை மூடிக்கொண்டு கேட்டால் இரண்டையும் எப்போதும் என்னால் பிரித்துச் சொல்ல முடியாது. நான் எழுதும் மென்பொருளைப் பயன்படுத்துகிற ஒருவரையும் எனக்குத் தெரியாது. அவர்கள் எனக்கு ஒரு வரைபடத்தில் ஏறி இறங்கும் கோடு. அவர்கள் அறையில் என்ன வெயில் என்று நான் கேட்க வேண்டிய அவசியமே வந்ததில்லை. என் அறையைப் பற்றி ஒருவர் கேட்டார், கேட்டதை வைத்து ஒரு திருகாணியைத் திருகினார். காசு அதற்கும் சேர்த்துத்தான்.

ஒற்றை ஆளை நம்புவதில் பயமும் உண்டு. எமிலி ஜில்லேயின் ம்யூட்டபிள் இன்ஸ்ட்ருமெண்ட்ஸ் யூரோராக்கில் பெரிய பெயர். 2022-இல் அதை மூடிவிட்டார். சர்க்யூட் வரைபடங்களையும் நிரல்களையும் முன்பே பொதுவில் வைத்திருந்ததால் அவருடைய மாட்யூல்களை இன்றும் மற்றவர்கள் செய்கிறார்கள். எல்லாரும் அப்படி வைப்பதில்லை.

காத்திருந்த மாதங்களில் ஒருமுறை கேட்டேவிட்டேன்: நீங்கள் நிறுத்திவிட்டால் இதை யார் பழுது பார்ப்பது?

"நீங்கள்தான்" என்று பதில் வந்தது, கூடவே சர்க்யூட் வரைபடம். பெரும்பாலான பாகங்கள் ரிச்சி ஸ்ட்ரீட்டில் கிடைப்பவைதான். அந்த வெப்ப ரெசிஸ்டர் மட்டும் லேசில் கிடைக்காது. பார்சலில் அதில் ஒன்று உபரியாக, சின்னக் கவரில் போட்டு ஒட்டியிருந்தது. சோல்டரிங் இப்போதுதான் பழகிக்கொண்டிருக்கிறேன்.