கிண்ணம், நீர், குச்சி: ஜலதரங்கத்தின் மூவர் கச்சேரி

ஜலதரங்கம் நீர் ஊற்றிய பீங்கான் கிண்ணங்களை இரண்டு மெல்லிய குச்சிகளால் தட்டி வாசிக்கும் கருவி. பதினாறு, பதினெட்டு கிண்ணங்கள் அரைவட்டமாக அடுக்கப்படும். இடக்கோடியில் பெரியது, வலக்கோடியில் சிறியது. நடுவில் கலைஞர் அமர்வார். பக்கத்தில் ஒரு வயலின், ஒரு மிருதங்கம். கர்நாடக இசை மேடையில் இதன் வழக்கமான குழு இந்த மூவர்தான்.

கச்சேரிக்கு முதலில் வந்து சேருபவர் ஜலதரங்கக் கலைஞர். அவருடைய பாதி வேலை திரை விலகுவதற்கு முன்பே முடிந்துவிடுகிறது. பக்கத்தில் ஒரு குவளைத் தண்ணீர், கையில் ஒரு கரண்டி. தம்பூரா ஒலிக்க ஒவ்வொரு கிண்ணத்தையும் தட்டிப் பார்த்து, துளித் துளியாக நீரைச் சேர்ப்பதும் எடுப்பதுமாகச் சுருதி கூட்டுகிறார். நீர் கூடினால் சுருதி இறங்கும். வெற்றுக் கிண்ணம் தரும் ஒலிக்கு மேல் அதை ஏற்ற வழியில்லை. ஆகவே வேண்டிய ஸ்வரத்தைவிடச் சற்று உயர்ந்து ஒலிக்கும் கிண்ணமே பயன்படும். பீங்கான் கடையில் பூவேலைப்பாட்டைப் பார்க்காமல் விளிம்பைத் தட்டிக் காது கொடுப்பவர் இந்தக் கலைஞராகத்தான் இருப்பார். மேடையின் மின்விசிறியும் விளக்குச் சூடும் நீரை உறிஞ்சுவதால், நடுநடுவே கரண்டிக்கு வேலை வந்துகொண்டே இருக்கும்.

பாடல் வரிசையைத் தீர்மானிப்பதும் இந்த நீர்தான். சங்கராபரண ராகத்துக்கு வைத்த கிண்ணங்களில் மோகனத்தையும் ஹம்ஸத்வனியையும் ஒரு துளிகூட மாற்றாமல் வாசிக்கலாம். கல்யாணிக்கு மத்யமக் கிண்ணங்களில் மட்டும் நீரைக் குறைத்தால் போதும். தோடி என்றால் ரிஷபம், காந்தாரம், தைவதம், நிஷாதம் நான்கையும் இறக்க வேண்டும். தேர்ந்த கலைஞர் பக்கத்துப் பக்கத்து ராகங்களாகக் கோத்துக்கொள்கிறார்.

தட்டிய ஒலி உடனே தேயத் தொடங்கும். அதை நீட்டவோ வளர்க்கவோ முடியாது. கமகமே உயிரான இசையில் இது பெருங்குறை. இதற்கு ஒரு கைப்பக்குவம் உண்டு. தட்டிய மறுகணம் குச்சி நுனியால் நீர்ப்பரப்பைத் தொட்டால் நீர் அசையும், ஸ்வரமும் அசையும். தொடுகை கொஞ்சம் அழுந்தினாலும் ஒலி செத்துவிடும். எனவே நீண்ட ஆலாபனையைவிட விறுவிறுப்பான கிருதியும் கல்பனாஸ்வரமுமே இந்தக் கருவிக்கு வாகானவை.

மிச்சக் குறையைத் தீர்ப்பவர்கள் பக்கத்தில் இருக்கும் இருவர். கிண்ணம் விட்ட ஸ்வரத்தை வயலின் வில் பிடித்து இழுத்துச் செல்கிறது. மிருதங்கக்காரருக்கு வேறு கவலை: மிருதங்கத்தின் இடமுகமான தொப்பியில் எழும் கும்கி ஓசை ஓங்கினால் பீங்கான் ஒலி அதில் மூழ்கிவிடும். ஒலிவாங்கி வந்த பிறகும் அவர் விரல்களை அடக்கியே வாசிக்கிறார். இந்த அடக்கம் பழைய பாடம். கொல்லிமலைத் தலைவன் வல்வில் ஓரியை வன்பரணர் பாடிய புறநானூற்று 152ஆம் பாட்டில், முழவு, யாழ், தூம்பு என ஒவ்வொரு கருவிக்கும் தனித்தனி ஏவல் இருக்கிறது. பதலை என்னும் தோற்கருவியை மட்டும் ஒரு பக்கத்தில் மென்மையாக இயக்கச் சொல்கிறார் புலவர்.

அமெரிக்க ஜாஸ் இசையில் ஜலதரங்கத்துக்கு உறவான கருவி வைப்ரபோன். 1920களில் உருவான அதில் அலுமினியப் பட்டைகளும், அடியில் குழாய்களும், குழாய் வாயில் மின்விசையால் சுழலும் தகடுகளும் உண்டு. அதன் சிக்கல் நேர்மாறானது: ஒலி நெடுநேரம் நிற்கும், மிதிகட்டையால் அதை அடக்க வேண்டும். 1950, 1951இல் வைப்ரபோன் கலைஞர் ரெட் நார்வோ நடத்திய மூவர் குழுவில் கித்தாருக்கு டால் ஃபார்லோவும் பாஸுக்குச் சார்லஸ் மிங்கஸும் இருந்தார்கள், டிரம்ஸே இல்லை. தாளத்தை மூவரும் பங்கிட்டுக்கொண்டார்கள். தட்டும் கருவி தன்னால் ஆகாததைத் துணைவர்களிடம் ஒப்படைக்கிறது என்பதில் இரண்டு மேடைகளும் ஒன்றே.

கொல்லிமலைக்கு வடகிழக்கே, சேலம் மாவட்டத்துக் கெங்கவல்லிப் பக்கம் உள்ள ஆனையம்பட்டியின் பெயர் இந்தக் கருவியோடு ஒட்டிக்கொண்டது. ஆனையம்பட்டி சுப்பையரும், அந்தக் குடும்பத்தின் பின்தலைமுறையைச் சேர்ந்த எஸ். கணேசனும் ஜலதரங்கத்தைக் கச்சேரி மேடையில் நிலைநிறுத்தியவர்கள். 1926இல் பிறந்த சீதா துரைசாமி பெண் கலைஞர்களில் முன்னோடி, 2013இல் மறைந்தார்.

இன்று இதைக் கற்பவர் சொற்பம். ஒரு கிண்ணம் உடைந்தால் அதே ஒலியுள்ள இன்னொன்று கிடைக்கும்வரை அந்த ஸ்வரம் காலி. வெளியூர்ப் பயணத்தில் துணி சுற்றிய கிண்ணப் பெட்டி கைப்பிள்ளைபோல மடியிலேயே வருகிறது. கச்சேரி முடிந்ததும் நீரைக் கொட்டி, துடைத்து, பெரியதற்குள் சிறியதாக அடுக்கிக் கட்டுகிறார்கள். கூட்டிய சுருதி நீரோடு போய்விடுகிறது. அடுத்த மேடையில் மறுபடியும் கரண்டியிலிருந்து தொடங்க வேண்டும்.