ஹவுராவில் தனித்து நின்ற பனை

ஹவுராவின் சிவ்பூரில், ஹூக்ளி நதிக்கரையில் உள்ள தாவரவியல் பூங்காவுக்கு வரும் கூட்டம் நேராகப் போய் நிற்பது பெரிய ஆலமரத்தின் முன்னால்தான். 1787-ல் ராபர்ட் கிட் தொடங்கிய இந்தப் பூங்காவின் நட்சத்திரம் அது. ஆனால் தாவரவியலாளர்கள் பல ஆண்டுகளாகக் கவலையோடு அண்ணாந்து பார்த்தது வேறொரு மரத்தை. 1894-ல் நடப்பட்ட இரட்டைத் தேங்காய் மரம் அது. இந்தியாவில் இந்த இனத்தின் ஒரே மரம் என்று பெயர் வாங்கியது.

மரத்தைப் பார்க்காத தமிழர்களுக்கும் அதன் காய் அந்நியமல்ல. நாட்டு மருந்துக் கடைகளில் 'கடல் தேங்காய்' என்று விற்கப்படுவது இதன் பருப்புதான். பக்கிரிகளும் துறவிகளும் ஏந்தும் ஓடுகளில் பல இதன் ஓட்டில் செய்தவை. மாலத்தீவுக் கரைகளில் ஒதுங்கிய கொட்டைகளைக் கண்டவர்கள், கடலுக்கு அடியில் ஏதோ மரம் காய்க்கிறது என்று நம்பினார்கள். 1768-ல் பிரெஞ்சுக்காரர்கள் செஷல்ஸின் பிராலின் தீவில் மரத்தையே கண்டபோதுதான் மர்மம் விலகியது.

உலகின் மிகப் பெரிய விதை இது. இருபது கிலோவைத் தாண்டுவதும் உண்டு. அந்த எடைதான் அதன் சாபம். நல்ல விதை கடலில் மூழ்கிவிடும். மிதப்பது உள்ளே அழுகிப்போனது மட்டுமே. அதனால் பிராலின், கூரியூஸ் தீவுகளைத் தாண்டி இந்த மரம் தானாகப் பரவவே இல்லை. இன்று செஷல்ஸ் அரசின் அனுமதி இல்லாமல் ஒரு கொட்டையைக்கூட வெளியே கொண்டுபோக முடியாது.

வளர்க்க விரும்புகிறவருக்கு முதலில் வேண்டியது இடம், அடுத்தது பொறுமை. விதையை ஆழமாகப் புதைக்கக் கூடாது. நிழலும் ஈரமும் உள்ள மண்ணின் மேல் படுக்கவைத்தால் போதும். சில மாதங்களில் அதிலிருந்து கயிறு போல ஒரு தண்டு புறப்பட்டு, மண்ணுக்குள் சில மீட்டர் தூரம்கூட ஓடி, தனக்குப் பிடித்த இடத்தில் வேர்விட்டுக் குருத்தை அனுப்பும். தொட்டி இதற்கு ஆகாது. தாய்க் கொட்டையின் பருப்பு ஓரிரு ஆண்டுகளுக்கு மேலும் கன்றுக்குச் சோறு போடும். அதுவரை கொட்டையை அசைப்பதோ அறுப்பதோ கூடாது. வளர்ந்த மரம் தன் அகன்ற மட்டைகளால் மழைநீரையும் சருகையும் தன் காலடிக்கே வழித்துவிட்டு, தனக்குத் தானே உரம் போட்டுக்கொள்ளும்.

ஆணா பெண்ணா என்பது பாளை விட்ட பிறகுதான் தெரியும். சொந்த மண்ணிலேயே அதற்கு இருபத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் ஆகலாம். பிராலினில் குளிர்காலம் கிடையாது, வங்காளத்தில் உண்டு. ஹவுரா மரம் பூக்க ஏறக்குறைய நூறு ஆண்டுகள் எடுத்துக்கொண்டது. பூத்தபோது தெரிந்தது, அது பெண். பக்கத்தில் துணை மரம் இல்லை.

இலங்கையிலிருந்து மகரந்தம் வந்தது, பலிக்கவில்லை. தாய்லாந்திலிருந்து வந்த மகரந்தத்தைக் கையால் தூவிய பிறகே காய் பிடித்தது. காய் முற்றவும் ஆறேழு ஆண்டுகள் ஆகும். அதற்குள் மரத்துக்கு ஆபத்து வந்துவிட்டது. பூஞ்சை நோய் தாக்கி, 2018-ல் புதுக் குருத்து வருவது நின்று, இருந்த மட்டைகளும் சுருங்கத் தொடங்கின. முற்றிய காயை முளைக்கவைத்து வாரிசை உருவாக்குவதே பூங்காவினரின் நம்பிக்கையாக இருந்தது.

இந்த மரத்தை நடுகிறவர் ஒரு விதையோடு நிறுத்தக் கூடாது என்பதுதான் ஹவுரா தரும் பாடம். பூப்பதைப் பார்க்க அவர் இருக்கமாட்டார். பூக்கும் நாளில் அதற்கு ஒரு துணையாவது இருக்க வேண்டும்.