தலை சாய்ந்த வெள்ளையன்

முயல் வளர்க்கும் சகோதரிகளே, என் அனுபவத்தைக் கேளுங்கள்.

பம்மலில் எங்கள் வீட்டு முயலுக்குப் பெயர் வெள்ளையன். ஒரு நாள் காலை கூண்டைத் திறந்தால், தலை ஒரு பக்கமாகத் திருகிக் கிடக்கிறான்! எழுந்திருக்கப் பார்த்தான், முடியாமல் உருண்டு விழுந்தான்.

"பக்கவாதம், இனிப் பிழைக்காது" என்றார் அடுத்த வீட்டு மாமி. எனக்கு மனசு கேட்கவில்லை. எனக்கு வாங்கி மீந்த அமாக்ஸிஸிலின் மாத்திரை அலமாரியில் இருந்தது. அதைப் பொடித்தும் விட்டேன். புகட்டப் போகையில் ஏனோ கை தயங்கியது. கூடையில் அவனைத் தூக்கிக்கொண்டு, வேப்பேரியில் 1903-ல் தோன்றிய கால்நடை மருத்துவக் கல்லூரியின் ஆஸ்பத்திரிக்கு ஓடினேன்.

காதைப் பரிசோதித்த டாக்டர், "உள்ளே சீழ். உடம்பை நிலையாக நிறுத்தும் உறுப்பு உள்காதில்தான் இருக்கிறது. அதனால்தான் உருளுகிறான்" என்றார். மாத்திரைக் கதையைச் சொன்னேன். திடுக்கிட்டார். "நல்ல வேளை! பென்ஸிலின் வகை மருந்து முயலின் வாய்வழியே போனால், குடலிலுள்ள நல்ல கிருமிகள் மடியும், உயிரே போகலாம்!"

அவர் கொடுத்த மருந்து வாரக் கணக்கில் நடந்தது. துவாலைகளைச் சுருட்டிச் சுற்றிலும் அணை கட்டினேன். முயலுக்குப் பட்டினி ஆகாது. ஒரு நாள் தின்னாவிட்டாலும் குடல் ஓய்ந்துவிடும். ஆகவே அறுகம்புல்லையும் கொத்தமல்லியையும் வாயருகே நீட்டியபடி இரவெல்லாம் விழித்திருந்தேன்.

இன்று வெள்ளையன் கூடமெல்லாம் ஓடுகிறான். தலை மட்டும் சற்றே சாய்வாக நின்றுவிட்டது. அதனால் என்ன? எங்கள் வீட்டில் நான் பேசும்போது தலை சாய்த்துக் கேட்கிற ஒரே ஆண்பிள்ளை அவன்தானே!